இல்லாத வட்டத்துக்குப் பத்து மார்க்

விடைத்தாளின் ஒரே ஒரு பக்கம், அதுவும் ஜெராக்ஸ். அதைத்தான் டீச்சரம்மா அன்றைக்கு மத்தியானம் என் பட்டறையில் சர்ஃபேஸ் பிளேட்டின் மேல் விரித்து வைத்தார். அளவு பார்ப்பதற்கென்றே கண்ணாடி மாதிரி மட்டமாகச் செய்த இரும்புப் பலகை அது. அதன் மேல் டீ டம்ளர் வைத்தால்கூட நான் கத்துவேன். அன்றைக்குக் கத்தவில்லை. கரண்ட் போய் மெஷின்கள் எல்லாம் நின்று, பட்டறையே காது அடைத்த மாதிரி இருந்தது. தாளில் பொடி எழுத்தில் ஐந்து வரிகள். அவற்றுக்குக் கீழே பெரிதாக ஒரு சைபர். ஜெராக்ஸில் எல்லாமே கறுப்புதான். அசலில் அந்தச் சைபர் சிவப்பு என்று டீச்சரம்மா சொன்னார். அதைச் சொல்லும்போது சைபரை நகத்தால் அழுத்திக் கீறினார்.  ஆத்திரம் அப்படி.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அன்னூர்ப் பக்கம் ஒரு மானாவாரிக் காட்டில் பிறந்து, பள்ளிக்கூடத்தை விட்டு, கோயமுத்தூரில் லேத்துப் பட்டறையில் இரும்புத் தூள் கூட்டி வளர்ந்தவன். இன்றைக்கு ஆவாரம்பாளையத்தில் சொந்தக் கட்டடம், கம்ப்யூட்டரில் ஓடுகிற மெஷின்கள் ஆறு. இன்ஜினியரிங் முடித்த பையன்கள் என்னிடம் வந்து, "அய்யா, இந்த பீஸ் எப்படிப் பிடிக்கறதுங்க?" என்று கேட்பார்கள். உடைந்துபோன கப்பியில் கையளவு துண்டு ஒன்றைக் கொடுங்கள், முழுக் கப்பியின் விட்டம் என்ன என்று காம்பஸை வைத்து இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவேன். ஜம்பத்துக்குச் சொல்லவில்லை, சரி, ஜம்பத்துக்குத்தான் சொல்கிறேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் உண்மை. பட்டறை வாசலில் நானே பெயின்ட்டில் எழுதி மாட்டிய பலகை ஒன்று உண்டு: 'அளவு பொருந்தாத டிராயிங் திருப்பி அனுப்பப்படும்.' டிராயிங்கில் தப்பு இருந்தால் எவ்வளவு பெரிய கம்பெனியாக இருந்தாலும் வேலையைத் தொட மாட்டேன். தப்பான டிராயிங்குக்குச் சரியான பீஸ் யாராலும் செய்ய முடியாது.

டீச்சரம்மா எங்கள் மாடியில் இரண்டு அறைகளில் குடியிருந்தார். தானே கேள்வித்தாள் எடுத்துத் தேர்வு நடத்துகிற தன்னாட்சிக் கல்லூரி ஒன்றில் கணக்கு சொல்லிக்கொடுத்தார். கௌரவ விரிவுரையாளர் என்று வேலைக்குப் பெயர். வருஷா வருஷம் ஆர்டர் போட்டால்தான் வேலை உண்டு. போடாவிட்டால் ஏன் என்று கேட்க முடியாது. முப்பத்தைந்து வயது இருக்கும். மாடியிலிருந்து இறங்கும்போதே, "ஏனுங்கண்ணா, டீ குடிச்சாச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் இறங்குவார். அன்றைக்கு அதைக் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். இளங்கலைக் கணிதம் கடைசிப் பருவத் தேர்வில் வடிவியல் தாளில் பத்து மார்க் கேள்வி ஒன்று. நான்கு பக்கம் உள்ள ஓர் உருவம். அதன் நான்கு மூலைகளும் வெளியே ஒரு பெரிய வட்டத்தின் மேல் இருக்கின்றன. உள்ளே இருக்கும் சின்ன வட்டம் நான்கு பக்கங்களையும் தொடுகிறது. பக்கங்கள் வரிசையாக ஏழு, ஒன்பது, பன்னிரண்டு, எட்டு சென்டிமீட்டர். உள்வட்டத்தின் ஆரம் என்ன? வகுப்பில் முக்கால்வாசிப் பேர் மனப்பாடம் செய்த சூத்திரத்தில் நான்கு எண்களையும் போட்டு, நான்கு புள்ளி மூன்று இரண்டு என்று விடை எழுதினார்கள். எல்லோருக்கும் பத்துக்குப் பத்து. பல்லடத்திலிருந்து பஸ் ஏறி வந்து படித்த ஒரு பெண் மட்டும் ஆரம் எழுதவில்லை. 'இப்படி ஓர் உருவமே இருக்க முடியாது' என்று எழுதி, ஏன் முடியாது என்று ஐந்து வரியில் காரணமும் எழுதியிருந்தாள். அவளுக்கு சைபர். அந்தத் தாளில் தேறுவதற்கு மூன்று மார்க் குறைந்து ஃபெயில்.

"அவ அப்பா விசைத்தறி ஓட்டறவருங்கண்ணா. பி.எட். சேர இன்னும் பத்து நாள்தான் இருக்குது. இந்த ஒரு பேப்பர் நின்னா ஒரு வருஷம் போச்சு. ஒரு வருஷம் போனா கல்யாணம் பண்ணி அனுப்பிப்போடுவாங்க," என்றார் டீச்சரம்மா. பிறகு ஐந்து வரியையும் தமிழில் எனக்குப் படித்துக் காட்டினார். பள்ளிக்கூட வாசனை அதிகம் இல்லாத எனக்கே புரிந்தது என்றால், அது எப்படிப்பட்ட ஐந்து வரி என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையிலிருந்து கிளம்புகிற இரண்டு பக்கங்களும் உள்வட்டத்தைத் தொடுகிற இடம் வரைக்கும் ஒரே நீளம்தான். இப்படி நான்கு மூலைக்கு நான்கு நீளம், ஒவ்வொன்றும் இரண்டு தடவை. இந்தப் பக்கத்தையும் அதற்கு எதிர்ப் பக்கத்தையும் கூட்டினால் அந்த நான்கு நீளமும் தலா ஒரு தடவை வந்துவிடும். மற்ற இரண்டு பக்கத்தைக் கூட்டினாலும் அதே நான்குதான். ஆகவே இரண்டு கூட்டும் சமமாக இருந்தே தீர வேண்டும். கேள்வியில் என்ன இருக்கிறது? ஏழும் பன்னிரண்டும் பத்தொன்பது. ஒன்பதும் எட்டும் பதினேழு. முடிந்தது கதை.

கேள்வியை எடுத்ததும் தாளைத் திருத்தியதும் அவர்கள் துறைத் தலைவர்தான். "அவரு என்ன சொல்றாருங்க?" என்றேன்.

"ஃபார்முலா போட்டா ஆன்சர் வருதல்லோ, அப்பறம் என்னம்மான்னு கேக்கறாருங்கண்ணா."

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் கோபம் வந்ததோ. கால்குலேட்டரில் எதைப் போட்டாலும் ஒரு நம்பர் வரும். நம்பர் வந்தால் பொருள் இருக்கிறது என்று அர்த்தமா? கரண்ட் வந்ததும் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு நானே உட்கார்ந்தேன். இரும்புப் பட்டை நான்கு வெட்டி, ஓட்டை நடுவிலிருந்து ஓட்டை நடுவுக்கு ஏழு, ஒன்பது, பன்னிரண்டு, எட்டு சென்டிமீட்டர் சரியாக வருகிற மாதிரி துளைத்து, மூலைகளில் ஆணி கோத்தேன். எப்படி வேண்டுமானாலும் நெளிகிற சட்டம் ஒன்று வந்தது. பிறகு லேத்தில் வட்டத் தட்டுகள் கடைந்தேன். பட்டையின் பாதி அகலத்தைக் கழித்துத்தான் கடைய வேண்டும். அது தெரியாதவன் கடைந்தால் கணக்கு பிசகும். முதலில் விடைத்தாள்களில் பத்து மார்க் வாங்கிய அந்த நான்கு புள்ளி மூன்று இரண்டு. அது சட்டத்துக்குள் இறங்கவே இல்லை. இழுத்துப் பார்த்தோம், சாய்த்துப் பார்த்தோம், நெளித்துப் பார்த்தோம். மாட்டேன் என்றது. அதைவிடச் சிறிய தட்டுகளைப் போட்டால் உள்ளே போகும், மூன்று பக்கத்தைத் தொடும், நான்காவது பக்கம் எட்டியே நிற்கும். அந்த இடைவெளியில் டீச்சரம்மா தன் சுண்டுவிரல் நகத்தை விட்டு விட்டு எடுத்தார். எட்டுப் பட்டையைக் கழற்றிவிட்டுப் பத்து சென்டிமீட்டர் பட்டையை மாட்டினேன். ஒன்பதும் பத்தும் பத்தொன்பது. அதற்கு ஏற்ற தட்டைக் கடைந்து போட்டு, சட்டத்தை நிதானமாக நெளித்தேன். ஓரிடத்தில் நான்கு பக்கமும் வந்து தட்டைக் கவ்விக்கொண்டன.

 டீச்சரம்மா ஓட்டமாக மாடிக்குப் போய்ப் பழைய கேள்வித்தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். சில வருஷங்களுக்கு முன் கேட்ட அதே கேள்வி. அதில் ஏழு, ஒன்பது, பன்னிரண்டு, பத்து. "பாருங்கண்ணா, பசங்க பழசை மனப்பாடம் பண்ணிட்டு வந்துருவாங்கன்னு கடைசி நம்பரை மட்டும் மாத்திப்போட்டிருக்காரு!" என்றார். பத்தை அழித்து எட்டு. அவ்வளவுதான் அந்த மனிதர் உழைத்த உழைப்பு. நம்பரை மாற்றினால் கேள்வி புதிதாகிவிடும் என்று நினைத்திருக்கிறார். உருவம் செத்துப்போகும் என்று நினைக்கவில்லை. என் பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவன்கூட ஓர் அளவை மாற்றினால் மற்ற அளவுகள் பொருந்துகிறதா என்று கூட்டிப் பார்ப்பான். பார்க்காவிட்டால் அன்றைக்கே வீட்டுக்குப் போவான்.

மறுநாள் சட்டத்தையும் தட்டுகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு நானும் டீச்சரம்மாவும் துறைத் தலைவர் அறைக்குப் போனோம். மரியாதையான மனிதர்தான். உட்காரச் சொன்னார். நான் அவர் மேஜை மேல் சட்டத்தை வைத்து, தட்டை எடுத்து, "சார், உங்க ஆன்சரை நீங்களே உள்ள போடுங்க பாக்கலாம்," என்றேன்.

அவர் தொடவே இல்லை. "அய்யா, இது காலேஜுங்க, பட்டறை இல்லீங்க. இரும்புல வரலைங்கறதுக்காகக் கணக்குல வராதுன்னு ஆகாதுங்க."

"இரும்பை விடுங்க சார், அவ அஞ்சு வரி எழுதியிருக்கறாளே, அதுல எந்த வரி தப்புன்னு காட்டுங்க," என்றார் டீச்சரம்மா.

"கேள்வி என்ன கேட்டிருக்குது? ஆரத்தைக் கண்டுபிடி. கண்டுபிடிச்சாளா? இல்ல. அப்ப சைபர். கேள்வி சரியா தப்பான்னு பாக்கறது மாணவி வேலை இல்லீங்க." இதை அவர் குரல் உயர்த்தாமல் சொன்னார். பிறகு டீச்சரம்மாவைப் பார்த்து, இன்னும் மெதுவாக, "அம்மணி, அடுத்த வருஷ ஆர்டர் லிஸ்ட் என் மேஜையிலதான் இருக்குது," என்றார். டீச்சரம்மா பையை எடுத்துக்கொண்டார். கேள்வி சரியா தப்பா என்று பார்ப்பது கணக்குப் படிக்கிறவள் வேலை இல்லையாம். அப்புறம் எவன் வேலை?

இங்கேதான் நான் நுழைந்தேன். நுழையாமல் இருந்திருக்க வேண்டும். அந்தக் கல்லூரியின் தாளாளரை எனக்குத் தெரியும். அவர் கட்டடத்துக்கு இரும்பு வேலை முழுக்க நான் செய்தது. மேடையில் என்னைப் பார்த்தால் அண்ணா என்று எழுந்து நிற்பார். "நான் போய் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பாத்துக்கலாம் வுடுங்க," என்று டீச்சரம்மாவிடம் மார் தட்டிவிட்டு, தனியாகப் போனேன். அவர் காபி கொடுத்தார், என் முழங்கால் வலியை விசாரித்தார், பிறகு சொன்னார்: "அண்ணா, அந்தப் புள்ளைக்கு மூணு மார்க் கருணை மதிப்பெண் போட்டுப் பாஸ் பண்ணிருவோமுங்க. அந்தப் புள்ள ஒரு லெட்டர் குடுத்தாப் போதும். நீங்க சாட்சிக் கையெழுத்துப் போட்டுருங்க, பெரியவங்க கையெழுத்து இருந்தா யாரும் பேச மாட்டாங்க." லெட்டர் அப்போதே தயாராக டைப் அடித்து வந்தது. முழுக்க இங்கிலீஷ்.

எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. டிராயிங்கில் உள்ள வார்த்தைகள் தெரியும். டயா, டெப்த், ரேடியஸ், அவ்வளவுதான். அதை யாரிடமும் சொன்னதில்லை. மீட்டிங்குகளில் தாளைக் கையில் வாங்கி, கண்ணாடியை மூக்கில் இறக்கி, தலையை ஆட்டிக்கொண்டே ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ம், சரிங்க," என்று சொல்லி ஓட்டியே எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அன்றைக்கும் அதையேதான் செய்தேன். ஒரு நிமிடம் பார்த்தேன். "ம், சரிங்க," என்றேன். கையெழுத்துப் போட்டேன். காரியத்தை முடித்துவிட்டேன் என்ற மிதப்பில் பட்டறைக்கு வந்து, அந்தப் பெண்ணை வரச் சொன்னேன்.

வந்தாள். ஒல்லியாக, தோளில் காலேஜ் பையோடு. லெட்டரை வாங்கி நின்றபடியே படித்தாள். இரண்டு தடவை படித்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "அய்யா, நீங்க இதைப் படிச்சுப் பாத்தீங்களாங்க?" என்று கேட்டாள்.

"எல்லாம் பாத்தாச்சு கண்ணு. நாங் கையெழுத்துப் போட்டிருக்கறனல்லோ? நீ போடு."

 பேனாவைக் கேட்டு வாங்கினாள். அதே சர்ஃபேஸ் பிளேட்டின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். "வாரேனுங்க," என்றாள். நன்றி என்று சொல்லவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மரியாதையே தெரியவில்லை என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் என் செவிளில் நானே அறைந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

அசலை அப்போதே பட்டறைப் பையனிடம் கொடுத்துக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு, டீச்சரம்மா சாயங்காலம் வந்ததும் லெட்டரின் நகலை எடுத்துக் காட்டினேன், பாராட்டுவார் என்று. அவர் படித்தார்.  பிறகு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். 'கேள்வி சரியானது. என் விடை தவறானது. என் ஆசிரியை தவறாக வழிகாட்டியதால் கேள்வியைக் குறை சொல்லி எழுதிவிட்டேன். வருந்துகிறேன். மன்னித்து மதிப்பெண் வழங்கவும்.' அதற்குக் கீழே அவள் கையெழுத்து. அதற்குக் கீழே, தொழிலதிபர் என்று போட்டு, என் கையெழுத்து. சட்டத்தை நெளித்துக் காட்டிய அதே கைதான்.

"எனக்கு இங்கிலீஷ் படிக்க வராதுங்க, அம்மணி," என்றேன். என் பெண்டாட்டி பிள்ளைகளிடம்கூட அதற்கு முன் அதைச் சொன்னதில்லை.

டீச்சரம்மா கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கத்தவில்லை. "மாடிப்படி ஏறி வந்து, இதைச் சித்தெ படிச்சுக் காட்டு அம்மணின்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா படிச்சுக் காட்டியிருப்பேனுங்களே அண்ணா. தப்பான டிராயிங்கைத் திருப்பி அனுப்பறவருதானுங்களே நீங்க," என்றார். பிறகு தாளை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு மேலே போனார். நான் மறுநாளே கல்லூரிக்குப் போய் லெட்டரைத் திருப்பிக் கேட்டேன். ஃபைலில் சேர்ந்துவிட்டது என்றார்கள். அதை வாங்கினால் மூன்று மார்க்கும் போய்விடும் அண்ணா, அந்தப் புள்ள கதி என்ன ஆகும் என்று தாளாளர் என்னிடமே கேட்டார். சிரித்துக்கொண்டே கேட்டார். திரும்பி வந்தேன்.

அடுத்த வருஷ ஆர்டர் லிஸ்ட்டில் டீச்சரம்மா பெயர் இல்லை. காரணம் கேட்டதற்கு அந்த லெட்டரைக் காட்டினார்களாம்: மாணவியே எழுதிக் கொடுத்திருக்கிறாள், நீங்கள் குடியிருக்கிற வீட்டு ஓனரே சாட்சி. அவர் உடுமலைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்தப் பெண் பி.எட். முடித்துப் பல்லடம் பக்கத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறாள் என்று கேள்வி. அதில் எனக்கு ஏதாவது பங்கு உண்டு என்று சொல்லிக்கொள்ள வாய் வரவில்லை. எங்கே போனாலும் அவள் சான்றிதழ்க் கட்டில் மூன்று மார்க்குக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும், கருணை என்று. நியாயமாக அவளுக்கு வர வேண்டியது பத்து. கருணை தேவைப்பட்டது கேள்வி கேட்டவருக்கு.

போன மாதம் அந்தக் கல்லூரியில் கணித மன்றத் தொடக்க விழாவுக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். துறைத் தலைவர் ஓய்வு பெற்றுவிட்டார்; வேறொருவர் வந்திருக்கிறார், சின்ன வயது. விழாவுக்கு முன்னால் வினா வங்கி என்று ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தார்கள். புரட்டினேன். இங்கிலீஷ் தெரியாவிட்டால் என்ன, எண் தெரியுமே. ஏழு, ஒன்பது, பன்னிரண்டு, எட்டு. பக்கத்திலேயே விடை, நான்கு புள்ளி மூன்று இரண்டு. இத்தனை வருஷமாகப் பிள்ளைகள் இல்லாத வட்டத்துக்கு ஆரம் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறார்கள், பத்துப் பத்தாக மார்க் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். நான் சால்வையை வேண்டாம் என்றேன். புதிய தலைவரிடம் விஷயத்தைச் சொல்லி, அந்த லெட்டரில் உள்ள என் கையெழுத்தை வாபஸ் வாங்குகிறேன் என்று தமிழில் நானே எழுதி நீட்டினேன். அவர் படித்தார். பெருவிரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்களைக் கூட்டிப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது, முகத்தில் தெரிந்தது. ஆனாலும், "பழைய விஷயமுங்கய்யா. ஃபைல் குளோஸ் ஆயிருச்சுங்க. இதை வாங்கிக்க எனக்கு அதிகாரம் இல்லீங்க," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் வாங்காவிட்டால் போகட்டும். இதைப் படிக்கிற நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வி தப்பு. அப்படி ஓர் உருவம் கிடையாது. அந்தப் பெண் எழுதிய ஐந்து வரியில் ஓர் எழுத்துகூடத் தப்பு இல்லை. அவள் டீச்சர் அவளுக்குத் தவறாக எதையும் வழிகாட்டவில்லை. இதை எழுதி முடித்ததும் உடுமலைக்கு அனுப்பி, டீச்சரம்மாவைப் போனில் ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். பிறகு நானும் ஒரு தடவை, விரலை வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தேன். படித்துவிட்டுத்தான் இந்தக் கையெழுத்தைப் போடுகிறேன்.